பொது மெத்தையில் (மொட்டைமாடியில்) ஒழுகல்: பக்கத்து வீட்டுக்காரர் நீர்வழியை அடைத்துவிட்டார், என்ன செய்யலாம்?

கொசப்பேட்டை மருமகள் எழுதியது:

வணக்கம். வேலூர் கொசப்பேட்டையில் என் மாமனாரின் தந்தை கட்டிய பழைய மெத்தை வீட்டில் வசிக்கிறோம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் கட்டி, அதற்கும் மேலே செங்கல் ஜல்லி கொட்டித் தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை அது. 1978இல் என் மாமனாரும் அவருடைய தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது, நடுச்சுவரைப் பொதுச் சுவர் என்று பத்திரத்தில் எழுதிக் கீழே இருந்த வாசலை அடைத்துக் கட்டினார்களே தவிர, மேலே மெத்தையை யாரும் தொடவில்லை. முழு மெத்தைக்கும் வாட்டம் (சரிவு) மேற்கே, அதாவது சின்ன மாமனாரின் பாகத்தை நோக்கியே இருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்கும் தூம்புகள் இரண்டும் அவருடைய பின்கட்டில்தான் விழுகின்றன. ஒன்றாக இருந்த குடும்பம் என்பதால் நாற்பது ஆண்டுகளுக்கு அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை.

2017இல் சின்ன மாமனாரின் பிள்ளைகள் தங்கள் பாகத்தை வெளியாள் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ஆம்பூரில் இருக்கிறார். வீட்டைப் பூட்டியே வைத்திருக்கிறார். இலையும் புழுதியும் அடைத்து ஒரு தூம்பு நின்றுபோனது, கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று முளைத்தது. சுத்தம் செய்து தரும்படி இரண்டு மூன்று முறை தொலைபேசியில் கேட்டோம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஆள் அனுப்பினார். வந்த ஆட்கள் தூம்பைத் தொடவில்லை; இரு வீட்டு மெத்தைக்கும் நடுவே, எல்லைக் கோட்டின் மேல், இரண்டு வரிசை செங்கல்லைச் சிமெண்டு வைத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு என் வீடு என்ன வாய்க்காலா?" என்றார்.

அன்று முதல் மழை பெய்தால் எங்கள் பக்கத்து மெத்தையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நடு அறையில் பொதுச் சுவர் முழுவதும் ஓதம் ஏறிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த மாமனாரின் படத்துக்குள்ளும் ஈரம் புகுந்து ஓரம் சுருண்டுவிட்டது. மூன்று கட்டைகள் கறுத்துவிட்டன. ஒழுகும் இடத்தில் அத்தை ஒரு பித்தளை அண்டாவை வைத்து, இரவில் சொட்டுகிற ஓசை கேட்காமலிருக்க அதற்குள் பழைய துண்டு ஒன்றையும் போட்டுவைத்திருக்கிறார்.

நான் கேட்க விரும்புவது இவைதான். அந்தச் செங்கல் வரிசையை நாங்களே இடித்துவிடலாமா? பழுதுபார்க்கும் செலவை அவரிடம் கேட்க வழி உண்டா? வழக்கு என்று போனால் எங்களுடைய காலத்தில் முடியுமா? என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் நானும் அத்தையும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும்தான் இருக்கிறோம்.

நேர்வழி:

அம்மா, இதற்கெல்லாம் ஆலோசனை எதற்கு? ஒரு கொத்தனாரையும் ஒரு சித்தாளையும் அழைத்துக் காலை ஆறு மணிக்கு ஏற்றிவிடுங்கள். இரண்டு வரிசைச் செங்கல் அரை மணி நேர வேலை. பூட்டிய வீட்டுக்காரர் ஆம்பூரிலிருந்து வந்து சேர்வதற்குள் தண்ணீர் பழைய வழியில் போய்விடும். தவறு செய்தவர் அவர். அவர்தான் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டும், நீங்கள் இல்லை.

காட்பாடி, ஓய்வுபெற்ற பொறியாளர்:

மேலே எழுதிய நண்பரின் கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் தெரிந்தவர் யாராவது பதில் சொல்லும்வரை செங்கல்லில் கை வைக்க வேண்டாம். நான் கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், தேங்கும் தண்ணீரின் எடையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 200 சதுர அடியில் 2 அங்குலத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 940 கிலோ. ஈரத்தில் ஊறிய பழைய கட்டைகளின் மேல் இந்தப் பாரம் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நாளைக்கே அந்த மூன்று கட்டைகளையும் பரிசோதியுங்கள். பார்க்க வேண்டிய இடம் கட்டையின் நடுப்பகுதி அன்று. சுவருக்குள் புகுந்திருக்கும் முனைதான் முதலில் அழுகும், ஏனெனில் அங்கே காற்று படாது, சுவரின் ஓதமும் சேர்ந்துகொள்ளும். ஒரு ஸ்குரூ டிரைவரால் சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு உள்ளே விடாது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால், பலகையும் சவுக்குக் கட்டையும் வைத்து உடனே முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டத்துப் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மனம் மாறும்வரை முட்டு காத்திருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது, ஒழுகுகிற இடமும் தண்ணீர் இறங்குகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மெட்ராஸ் டெரஸில் தட்டோட்டுக்குக் கீழே புகுந்த தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே பல அடி ஓடி, கலவை எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே சொட்டும். செங்கல் வரிசைதான் காரணம் என்று நீங்கள் உறுதியாக நம்புகிறீர்கள், இருக்கலாம்; ஆனால் எதிர்த் தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மழையில்லாத ஒரு வாரத்தில், அந்த வரிசையை ஒட்டி உங்கள் பக்கத்தில் மூன்றடிக்கு மூன்றடி களிமண்ணால் வரப்பு கட்டி, ஓர் அங்குலத்துக்கு மட்டும் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் கழித்துக் கீழே பாருங்கள். பிறகு அதைக் காயவிட்டு வேறோர் இடத்தில் அதையே செய்யுங்கள். முழு மெத்தையிலும் தண்ணீரை நிரப்பிச் சோதிக்கக் கூடாது. காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் தேதி தெரியும்படி படம் எடுத்துவையுங்கள்.

பழுதுபார்ப்பு பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கூரையின் மேல் வெறும் சிமெண்டுப் பூச்சுப் போட்டு மூடச் சொல்லும் கொத்தனாரை நம்ப வேண்டாம். நம் ஊர் வெயிலில் சிமெண்டு விரிந்து வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய ஈரம் மேலே போக வழியில்லாமல் கட்டையைத் தின்னும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது என்பது உண்மைதான். இருந்தாலும் குடியாத்தம், ஆரணிப் பக்கத்தில் கோயில் திருப்பணி செய்பவர்களிடம் விசாரித்தால் கிடைப்பார்கள். அரசங்கன்றை மேலோடு ஒடிப்பதாலும் பயனில்லை. வேர் பிடித்த செங்கல்லைப் பெயர்த்து வேரோடு எடுத்துவிட்டுக் கட்ட வேண்டும். அது அவர் பக்கத்துச் சுவர் என்றால் அவருடைய சம்மதத்தோடு செய்யுங்கள்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:

பொறியாளர் ஐயா சொன்னபடி செங்கல்லில் கை வைக்க வேண்டாம் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். இதற்கு நேரடியான சட்டப் பிரிவே இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், நீதிமன்றத்தில் ஈஸ்மென்ட் சட்டம் என்றே எல்லோரும் சொல்வது, தன் 36ஆவது பிரிவில், வசதியுரிமைக்கு, அதாவது பிறர் சொத்தின் வழியே தண்ணீர் விடுவதுபோன்ற உரிமைக்கு, முறைகேடாகத் தடை ஏற்படுத்தப்பட்டிருந்தாலும் உரிமை உடையவர் அந்தத் தடையைத் தாமே அகற்றக் கூடாது என்கிறது. நேர்வழி நண்பர் சொன்னபடி இடித்தால், இன்றைக்குத் தவறிழைத்தவராக நிற்கும் அவர் நாளைக்குப் புகார்தாரர் ஆகிவிடுவார்.

இனி உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பது. பலரும் 20 ஆண்டு தொடர்ந்து அனுபவித்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே பேசுவார்கள். அது 15ஆவது பிரிவு. உங்கள் நிலை அதைவிட வலுவானது. ஒரே சொத்தாக இருந்தது பாகம் பிரிக்கப்படும்போது, கண்ணுக்குத் தெரியும்படியும் தொடர்ச்சியாகவும் இருந்துவந்த ஒரு வசதி ஒரு பாகத்தை அதுவரை இருந்தபடியே அனுபவிக்கத் தேவையாக இருந்தால், பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாத வரையில், அது அந்தப் பாகத்தோடு சேர்ந்தே வருகிறது என்பது 13ஆவது பிரிவின் சாரம். மேற்கு நோக்கிய வாட்டமும் இரண்டு தூம்புகளும் 1978இல் அப்படியே இருந்தன என்று காட்ட முடிந்தால், உங்கள் உரிமை பாகப்பிரிவினை அன்றே பிறந்துவிட்டது. சொத்து கைமாறியதால் அது அழியாது. ஆகவே முதல் வேலையாக 1978ஆம் ஆண்டுப் பத்திரத்தை எடுத்து, நான்கு எல்லைக்குக் கீழே "நீர்வழி", "நடைபாதை", "வழக்கப்படி" என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று எழுத்தெண்ணிப் படியுங்கள். மூலம் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். அவர் 2017இல் வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். விற்றவர்கள் அதில் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பது முக்கியம்.

செலவு பற்றிக் கேட்டீர்கள். இதில் ஒரு கசப்பான செய்தி உண்டு. உங்கள் தண்ணீர் அவர் மெத்தை வழியாகப் போவதற்குத் தடை செய்யாமல் இருக்க வேண்டியது அவருடைய கடமை. ஆனால் அந்த வழியை உங்களுக்காகப் பராமரித்துத் தர அவர் கடமைப்பட்டவர் அல்லர் என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. தூம்பைச் சுத்தம் செய்யும் செலவு உங்களுடையதுதான். அதற்காக அவருடைய பாகத்துக்குள் சென்று வேலை செய்ய 24ஆவது பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது, அதுவும் அவருக்கு இயன்ற அளவு குறைந்த தொந்தரவோடு. செங்கல் வரிசையால் நேர்ந்த சேதத்துக்கு மட்டும் அவரிடம் இழப்பீடு கேட்கலாம். இரண்டையும் கலந்து ஒரே தொகையாகக் கேட்டால் இரண்டுமே பலவீனப்படும்.

நடைமுறையில் நான் செய்யச் சொல்வது: சோதனைப் படங்களோடு, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதி, ஒப்புகை அட்டையுடன் ஒரு கடிதம். வசை வேண்டாம். அதற்குப் பதில் வராவிட்டால், நேராக வழக்குக்குப் போகாமல் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உடையவர்கள். உதவி எண் 15100. வழக்குக்கு முந்தைய சமரசமாக மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால், அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. அவர் வரவே மறுத்தால், தடையை அகற்றச் செயலுறுத்துக் கட்டளை கோரி வழக்குப் போட்டு, அதோடு வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் நேரில் பார்வையிட்டு அறிக்கை தர வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9இன் கீழ் மனுச் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் ஆணையர் வந்து தண்ணீர் நிற்பதைத் தம் கண்ணால் பார்த்துவிட்டால் வழக்கின் முகமே மாறிவிடும். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், ஆண்டுகள் ஆகலாம்.

காவல் நிலையத்தில் இதை உரிமையியல் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட. சுவரோ கூரையோ இடிந்து விழும் நிலைக்கு வந்தால் மட்டும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆவது பிரிவின்படி மனுக் கொடுக்கலாம். வெறும் ஒழுகலுக்கு அது பொருந்தாது.

வாலாஜாபேட்டை வாசி:

எங்கள் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதான். வித்தியாசம், நாங்கள் நான்கு ஆண்டுகள் சண்டை போட்டோம். அறிவிப்பு, பதில் அறிவிப்பு, தெருவில் பேச்சு நின்றது, வீட்டு விசேஷத்துக்கு அழைப்பதும் நின்றது. நான்காம் ஆண்டில் இரு தரப்புக்கும் தெரிந்த அரிசி மண்டிக்காரர் ஒருவர் நடுவில் உட்கார்ந்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரர் மனத்தில் இருந்ததைச் சொன்னார். அவருக்குத் தண்ணீர் பிரச்சினையே இல்லை. வீட்டை இடித்துவிட்டு மாடியுடன் கட்ட எண்ணியிருந்தார். எங்கள் தண்ணீர் தம் மெத்தை வழியாகப் போவதை ஒப்புக்கொண்டால், நாளைக்குக் கட்டும்போது அந்த உரிமையைக் காட்டி நாங்கள் வேலையை நிறுத்திவிடுவோம் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயத்தில்தான் தடுப்புக் கட்டினார்.

பூட்டிய வீடு, ஆம்பூர்க்காரர், ஆள் அனுப்பியவர் தூம்பை விட்டுவிட்டு எல்லைக் கோட்டில் மட்டும் கட்டினார் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அதே வாசனை வந்தது. அவர் பழைய வீட்டில் குடியிருக்க வாங்கவில்லை, மனையாக வாங்கியிருக்கிறார். "எப்போது கட்டப்போகிறீர்கள்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நாங்கள் எழுதிக்கொண்டது இவ்வளவுதான்: அவர் கட்டத் தொடங்கும்வரை தண்ணீர் பழைய வழியில் போகும்; கட்டத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னால் எங்களுக்குச் சொல்ல வேண்டும்; நாங்கள் வாட்டத்தை எங்கள் பக்கம் மாற்றிக்கொள்வோம், அந்தச் செலவில் பாதி அவருடையது.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:

வாலாஜா நண்பர் சொன்னதை முழுமனதோடு ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. மாற்று வழி அமைந்து தண்ணீர் அதில் ஓடத் தொடங்கிய பிறகே பழைய உரிமையை விட்டுக்கொடுப்பதாக வாசகம் இருக்க வேண்டும். "இன்று முதல் விட்டுக்கொடுக்கிறோம், அவர் பிறகு பாதிச் செலவு தருவார்" என்று எழுதிவிட்டால், கையில் இருந்ததும் போகும், வரவேண்டியதும் வராது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அலமாரியில் வைப்பது போதாது. அசையாச் சொத்தின் மீதான உரிமை கைவிடப்படுவதால் பதிவு செய்வதே பாதுகாப்பு.

கொசப்பேட்டை மருமகள்:

பதிலளித்த எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

பொறியாளர் ஐயா சொன்னபடி மூன்று இடங்களில் வரப்பு கட்டிச் சோதித்தோம். செங்கல் வரிசையை ஒட்டிய இடத்தில் நிறுத்திய தண்ணீர் ஒன்பது மணி நேரத்தில் நடு அறையில் சொட்டத் தொடங்கியது. ஆனால் சமையலறையில் இருந்த ஒழுகலுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. எங்கள் பிளாஸ்டிக் தொட்டியின் வழியல் குழாய் விரிசல் விட்டு, தொட்டி நிரம்பும் ஒவ்வொரு முறையும் மெத்தையிலேயே ஊற்றியிருக்கிறது. ஓராண்டாக அதையும் அவர் கணக்கிலேயே எழுதிவந்தோம் என்று நினைக்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மூன்று கட்டைகளில் ஒன்று சுவர்முனையில் உளுத்துவிட்டது, முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

1978ஆம் ஆண்டுப் பத்திரத்தில், "மெத்தை ஜலம் விழுவதற்குப் பூர்வீக வழக்கப்படி ஒருவருக்கொருவர் தடை செய்துகொள்ளாமல்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியின் நகலையும் சோதனைப் படங்களையும் வைத்துக் கடிதம் அனுப்பினோம். சமையலறை ஒழுகல் எங்களுடைய தவறு என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும் என்று அத்தை பிடிவாதமாகச் சொன்னார், எழுதினோம். கடிதத்தின் கடைசியில், வாலாஜா அண்ணன் சொன்ன அந்தக் கேள்வியை மட்டும் சேர்த்தேன்: எப்போது கட்டப்போகிறீர்கள் என்று.

பன்னிரண்டாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொத்தனாரோடு வந்து மெத்தையில் ஏறிப் பார்த்தார். இன்னும் இரண்டு ஆண்டில் கட்டப்போவதாகச் சொன்னார். கீழே இறங்கியதும் அத்தை காப்பி கொடுத்தார். அவர் அண்டாவையும் அதற்குள் இருந்த துண்டையும் பார்த்துக்கொண்டே குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. போவதற்கு முன் செங்கல் வரிசையில் தூம்புக்கு நேரே நான்கடி நீளத்துக்கு அவருடைய கொத்தனாரை வைத்தே எடுக்கச் செய்தார். அடைத்த தூம்பை எங்கள் செலவில் சுத்தம் செய்துகொண்டோம். ஒப்பந்தத்தின் வரைவு சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏற்பாடு செய்த வழக்கறிஞரிடம் இருக்கிறது. உரிமையை விட்டுக்கொடுப்பது மாற்று வழி அமைந்த பிறகே என்ற வாசகத்தில் மட்டும் ஆம்பூர்க்காரர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார். பாதிச் செலவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

பொறியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. வாட்டத்தை எங்கள் பக்கம் திருப்பும்போது மேலே எவ்வளவு கனம் ஏறும்? பழைய கட்டைகள் தாங்குமா?

காட்பாடி, ஓய்வுபெற்ற பொறியாளர்:

பத்தடிக்கு 2 அங்குலம் வாட்டம் போதுமானது. உங்கள் மெத்தை கிழக்கு மேற்காக 20 அடி என்று வைத்துக்கொண்டால், எல்லை ஓரத்தில் 4 அங்குலம் உயர்ந்து கிழக்கே ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். இருக்கிற எதிர் வாட்டத்தையும் நிரவ வேண்டும் என்பதால் உண்மையில் அதைவிடக் கூடுதலாக ஆகும். பழைய தளத்தின் மேலேயே இதைப் போட்டால் கட்டைகள் தாங்காது. ஆகவே பழைய தட்டோட்டையும் ஜல்லியையும் செங்கல் குத்து வரை பெயர்த்து எடுத்துவிட்டு, உளுத்த கட்டையை மாற்றி, அதன் பிறகே புதிய வாட்டத்தில் சுண்ணாம்பு ஜல்லி போடுங்கள். பெயர்த்ததன் கனம் குறைவதால் மொத்தப் பாரம் பெரிதாக ஏறாது. இருந்தாலும் பெயர்த்த பிறகு ஒரு கட்டடப் பொறியாளரை நேரில் வரவழைத்துக் கட்டைகளைக் காட்டிவிட்டுத் தொடருங்கள். தூம்பு 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள், வாயில் இலை தடுக்கும் வலை வையுங்கள்.

வேலையைச் சித்திரை வைகாசியில் முடித்துவிடப் பாருங்கள். நம் பக்கத்தில் ஐப்பசி மழையை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஆவணி மாலைகளில் வரும் இடிமழையே சுண்ணாம்பு காயாத தளத்தைக் கரைத்துவிடும். தொட்டியின் வழியல் குழாயையும் அப்போதே கீழே வரை இறக்கிவிடுங்கள்.

நேர்வழி:

இடித்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் சமையலறைத் தொட்டி விஷயம் வெளியே வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் ஆரணியில் எனக்குத் தெரியும். தேவையென்றால் தனிச் செய்தியில் கேளுங்கள், அம்மா.